பிள்ளையார் மண்ணில் ஒரு கால்வாய்

என் கணவர் கௌரிசங்கர் தஞ்சாவூரில் வாய்க்கால் வெட்டிய இன்ஜினியர். மெல்போர்னில் மூன்று வருஷமாகக் கிடங்கில் அட்டைப்பெட்டி அடுக்குகிறார். சின்னச் சின்ன மாதிரிகள் செய்கிறவர்களின் கண்காட்சிக்கு நீர்வளக் கம்பெனி மேலாளர் ஒருத்தி வருகிறாள் என்று கேள்விப்பட்டதும் மனிதர் கராஜே கதி என்று கிடந்தார். இருநூற்றைம்பது வருஷத்துக்கு முந்தைய இங்கிலாந்துக் கால்வாய், ஆறடி மரத்தொட்டியில் உருவானது. படகை மேட்டுக்கு ஏற்றி இறக்க இரண்டு மதகுக் கதவுகள் வேறு.

"அப்போ சிமென்ட் ஏது பத்மா? களிமண்ணைத் தண்ணி விட்டு மிதிமிதின்னு மிதிச்சு அடியில பூசுவாங்க. சொட்டு ஒழுகாது."

சலித்த சுத்தமான களிமண் வேண்டுமென்று, இரண்டு மணி நேரம் தள்ளியிருக்கும் பெண்டிகோ வரை காரில் போகப் போகிறாராம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"கோயில்ல சதுர்த்திக்குப் பிள்ளையார் செய்யக் குடுத்த மண்ணு நாலு பை மிச்சம் இருக்கு. மண்ணுல என்ன ஒசத்தி? அதைப் போடுங்க."

போட்டார். தண்ணீர் விட்டுப் பார்க்க நேரமில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை கண்காட்சி மண்டபத்தில் மேலாளர் முன்னால் தண்ணீர் விட்டார். படகு மிதந்தது. கால் மணி நேரத்தில் கரை சரிந்து, படகு சேற்றில் உட்கார்ந்தது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. பூஜை முடிந்ததும் வாளித் தண்ணீரில் சீக்கிரம் கரைய வேண்டும் என்றே கலந்த மண் அது. பையிலேயே எழுதியிருந்தது.

கௌரிசங்கர் என் பக்கம் திரும்பக்கூட இல்லை. "சோதிக்காமல் போட்டேன். தப்பு என்னுடையது," என்று அவளிடம் ஆங்கிலத்தில் சொன்னார். எனக்கு அழுகை வந்துவிட்டது. "மண் கொடுத்தது நான்," என்று குறுக்கே புகுந்து பிள்ளையார் கதை முழுவதையும் ஒப்பித்தேன்.

அவள் சிரிக்கவில்லை. "இனி எப்படிச் சரிசெய்வீர்கள்?" என்றுதான் கேட்டாள்.

மண்டபத்துக்காரரிடம் மண்வெட்டி வாங்கிக்கொண்டு கௌரிசங்கர் பின்பக்கம் போனார். இந்தப் பக்கம் எங்கே தோண்டினாலும் களிமண்தான். என் கறிவேப்பிலைச் செடியைக் கொன்றதும் அதுதான். இருக்கிற ஒரே நல்ல பேண்ட்டை முழங்கால்வரை மடித்துவிட்டு மிதிக்க ஆரம்பித்தார். நானும் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கினேன். பழைய மண்ணை வழித்தெடுத்துவிட்டு, மிதித்த மண்ணைத் தொட்டியில் பூசினோம்.

மத்தியானம் படகு மிதந்தது. ஒரு மணி நேரம் கழித்தும் மிதந்தது. மேலாளர் அதுவரை போகவில்லை.

"எங்கள் கால்வாய் ஒன்று இரண்டு வருஷமாக ஒழுகுகிறது. இதுவரை ஒருவரும் 'தப்பு என்னுடையது' என்று சொன்னதில்லை," என்றாள். "நாளை காலை ஒன்பது மணிக்கு ஆபீசுக்கு வர முடியுமா?"

அவர் சேறு படிந்த பேண்ட்டைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"கிளம்புங்க," என்றேன். "அந்தப் பேண்ட்டை இப்பவே தோய்ச்சாத்தான் காலைக்குள்ள காயும்."