ஏழாம் கட்டிலின் காய்ச்சல்

வார்டில் எனக்குப் பட்டப்பெயர் ‘தொண்ணூத்தெட்டு’. ஆபரேஷன் முடிந்து வருபவர்களுக்கு நாலு மணி நேரத்துக்கு ஒருமுறை காய்ச்சல் பார்த்துத் தாளில் குறிக்க வேண்டிய நர்ஸ் நான். கட்டில் முப்பது, கால் இரண்டு. ஆகவே காலையிலேயே உட்கார்ந்து நாள் முழுவதற்கும் எழுதிவிடுவேன். அதிலும் ஒரு கலைநயம் உண்டு: அடுத்தடுத்து ஒரே எண் வராது.

ஏழாம் கட்டிலில் தையல்கார அக்கா. குடல்வால் எடுத்து மூன்றாம் நாள், மாலையில் வீட்டுக்கு. பத்து மணிக்கு 98.6, இரண்டு மணிக்கு 98.4 என்று எழுதி, ஆறு மணிக் கட்டத்தில் கோடு போட்டேன். காலிக் கட்டிலுக்குக் கோடு. வீட்டுக்குப் போனாலும் அதுதான், மேலே போனாலும் அதுதான்.

அக்கா பார்த்துவிட்டாள். “அளவெடுக்காம தைச்சா சட்டையில கை நுழையுமா, தம்பி?”

“உங்களுக்கென்னக்கா, கல்லு மாதிரி இருக்கீங்க.”

இரண்டு மணிக்கு அவள் புருஷன் என் கையைப் பிடித்து இழுத்தான். “சார், உடம்பு கொதிக்குது.”

நெற்றியைத் தொட்டேன்; விரல் சுட்டது. அவள் கண் மூடி முணுமுணுத்தாள்: “தோள் பதினாலு… கை ஒம்பது…”

கக்கத்தில் தெர்மாமீட்டர் வைத்தேன். 98.4. வேறொன்று எடுத்தேன். 98.4. அதையே என் கக்கத்தில் வைத்தேன். 97.9. கருவியில் கோளாறில்லை. என் கையெழுத்துக்கு உலகத்தில் முதன்முறையாக மரியாதை கிடைத்திருக்கிறது. தெர்மாமீட்டர் நான் எழுதியதையே காட்டுகிறது.

டாக்டர் தாளைப் பார்த்தார், தெர்மாமீட்டரைப் பார்த்தார். “காய்ச்சல் இல்லையே. வெயில் சூடு. அனுப்பிடலாம்.”

ஆறு மணிக் கோட்டைப் பார்த்தேன். காலையில் மெல்லியதாகப் போட்டது, இப்போது தடித்துக் கறுத்திருந்தது.

தலைமை நர்ஸிடம் ஓடினேன். “சிஸ்டர், ஏழுக்கு நான் அளக்கவே இல்ல. காலையிலேயே எழுதிட்டேன்.”

“ஏழுக்கு மட்டுமா?”

“முப்பதுக்கும்.”

“அடப்பாவி! இது தாளா, உன் ஜோசியக் கட்டமா? அடிடா அத்தனையும். பக்கத்துல கையெழுத்துப் போடு. அப்புறம் வச்சுக்கறேன் உன்னை.”

தெர்மாமீட்டரை மறுபடி அக்காவின் கக்கத்தில் வைத்துவிட்டு 98.4-ஐ அடித்தேன். கோட்டையும் அடித்தேன். அக்காவின் கக்கத்தில் இருந்த தெர்மாமீட்டர், அதுவரை மூச்சைப் பிடித்திருந்தது போல, ஏறத் தொடங்கியது. 99. 101. 103.2.

டாக்டர் திரும்பி ஓடிவந்தார். வயிற்றுக்குள் சீழ். நாலு மணிக்குள் மறுபடி ஆபரேஷன் தியேட்டர்.

என் ஷிப்ட் முடிந்திருந்தது. போக மனம் வரவில்லை. மற்ற இருபத்தொன்பது பேரையும் அளந்துவிட்டு, ஆறு மணிக்கு ஏழாம் கட்டிலுக்கு வந்தேன். புதுத் தாள். 100.8.

அக்கா பாதிக் கண் திறந்தாள். “அளந்தியா, தம்பி?”

“ரெண்டு தடவை அளந்தேன், அக்கா.”

பழைய தாளை நாளைய விசாரணைக்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்திருந்தேன். வீட்டுக்கு நடக்கையில் நெஞ்சு சுட்டது. தொட்டுப் பார்த்தேன். காகிதம் அனலாய்க் கொதித்தது. மற்றொரு பையில் தெர்மாமீட்டர் இருந்தது. அளக்கத் துணிவில்லை. அளக்காமல் ஒரு எண் சொல்லிவிடுவதுதான் என் வழக்கம், அதற்கும் துணிவில்லை.