கப்பில் எழுதிய பெயர்

குடை ரிப்பேர் கடையும் சைக்கிள் கடையும் இருந்த தெரு அது. இப்போது திரும்பிய பக்கமெல்லாம் வெளிநாட்டுப் பலகைகள். பீட்சா, நூடுல்ஸ், மூலையில் கண்ணாடிச் சுவர் வைத்த ஒரு காபிக் கடை. அந்தத் தெரு வீடொன்றுக்கு வாழ வந்த மருமகளுக்கு அந்தக் காபிக் கடையில்தான் வேலை. பாலை நுரைக்க வைப்பதும் அதை இலை போல ஊற்றுவதும் பத்தே நாளில் கைவந்துவிட்டன. வாய்தான் வரவில்லை.

கப்பில் எழுதியிருக்கும் பெயரைக் கடை முழுக்கக் கேட்கும்படி கூப்பிட வேண்டும், ஆளுக்கு என்ன வயதானாலும். தலைமைக் கடை இருக்கும் நாட்டில் அப்படித்தானாம். அவளோ நரைத்த தலையைக் கண்டால் ‘சார்’ என்றுவிடுவாள். நாலு சார்கள் ஒன்றாக எழுந்து வருவார்கள்.

“இன்னொரு தடவை சார், மேடம்னு காதுல விழுந்தா நாளையிலேருந்து வர வேண்டாம்” என்றுவிட்டார் மேற்பார்வையாளர்.

வீட்டில் இதைச் சொன்னபோது கணவன் சிரித்தான். மாமனார் வாயைத் திறக்கவில்லை. அவர் பேசினால் முத்து உதிர்ந்துவிடும் என்பது வீட்டில் பழைய கேலி.

மறுநாள் பதினொரு மணிக்கு அவரே கடைக்குள் வந்து நின்றார்.

“அப்படி என்னதான் காபின்னு பாக்கலாம்னு வந்தேன்.”

கல்லாவில் இருந்த பெண் பெயர் கேட்டு எழுதிக் கப்பை இவள் பக்கம் தள்ளினாள். அவர் தெருவைப் பார்த்த உயரமான நாற்காலியில் ஏறி உட்கார்ந்தார். கால் தரையில் படவில்லை.

மாமனாரின் பெயரைக் கல்யாணப் பத்திரிகையில் படித்ததோடு சரி. வாயால் சொன்னதே இல்லை. பக்கத்தில் மேற்பார்வையாளர் கைகட்டி நின்றார். கப்பில் நுரை அமுங்கத் தொடங்கியது. அவள் கண்ணை மூடிக்கொண்டு சொன்னாள். வெறும் பெயர்.

அவர் திரும்பவில்லை.

“சத்தமா” என்றார் மேற்பார்வையாளர்.

மறுபடி கூப்பிட்டாள். இரண்டு பேர் நிமிர்ந்து பார்த்தார்கள். மாமனார் தெருவையே பார்த்துக்கொண்டிருந்தார். மூன்றாவது முறை அடிவயிற்றிலிருந்து கத்தினாள்.

அவர் மெதுவாக இறங்கி வந்தார்.

“யாரோ யாரையோ கூப்பிடுறாங்கன்னு இருந்துட்டேம்மா. உங்க அத்தைகூட ‘இந்தாங்க’ன்னுதான் கூப்பிடுவா. இந்தப் பேரைக் கேட்டு எத்தனை வருஷமாச்சு!”

“இதைத்தான் இத்தனை நாளாக் கேட்டேன்” என்று சொல்லிவிட்டு மேற்பார்வையாளர் உள்ளே போனார்.

மாமனார் கப்பைத் திருப்பி எழுத்தைப் படித்தார். வெகுநேரம் அதையே பார்த்தார். பிறகு ஒரு வாய் குடித்தார். முகம் கோணியது.

“கசக்குது. ஆனா இவ்வளவு தொண்டை உனக்கு இருக்குன்னு வீட்டுல ஒருத்தருக்கும் தெரியாதும்மா.”

அடுத்த கப் காத்திருந்தது. அவள் கண்ணை மூடாமலே கூப்பிட்டாள்.