ஒரு துணைக்கால் குறைகிறது

1

ஒளிப்பானேன், இந்தக் கதை ஒரு எழுத்துப்பிழையில் பிறந்தது. பிழை செய்தவள் கண்ணாடிக்காரி. முதல் வரைவில் அப்படித்தான் எழுதினேன், இப்போதைக்கு அப்படியே இருக்கட்டும்.

கண்ணாடிக்காரி என்பது அவளுக்கு அவளுடைய அண்ணி வைத்த பெயர். ஆய்வகத்தில் நாள் முழுக்கக் கண்ணாடித் துண்டுகளில் ஒட்டிய திசுவை நுண்ணோக்கியில் பார்க்கிறவள். கழுத்துவலிக்காரி என்றும் வைத்திருக்கலாம்.

2

கருப்பை என்பது ஒரு வீடு. அதன்

(அடித்துவிட்டேன். வீடு, கோயில், நிலம் என்று கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது.)

நேராகச் சொல்கிறேன். கருப்பையின் உட்சுவர் மாதாமாதம் வளர்ந்து உதிர்கிறது. அதற்குள் முடியைவிட மெல்லிய இரத்தக்குழாய்கள். அவற்றை வெளியிலிருந்து கட்டிப் பிடித்திருப்பவை துணைச் செல்கள். குழாய் கசியாமல் பார்த்துக்கொள்ளும். புதுக் குழாய் முளைக்க வேண்டுமென்றால் பிடியைத் தளர்த்தும், முளைத்ததும் மறுபடி வந்து ஒட்டிக்கொள்ளும். பிடிக்கவும் தெரிய வேண்டும், விடவும் தெரிய வேண்டும். நமக்கு இதில் ஒன்றுகூட ஒழுங்காக வராது.

3

திசு கொடுக்கும் பெண்களுக்காகக் கண்ணாடிக்காரி ஒரு பச்சைத் தாள் எழுதினாள். அதில் ஒரு வரி: “இந்தச் செல்கள் குறைந்தால் தாங்காது, குழாய் கசியும்.” அச்சில் ஒரு துணைக்கால் விழுந்துபோய், “குறைந்தால் தங்காது” என்று வந்துவிட்டது. எது தங்காது என்று எந்தப் பெண்ணும் திருப்பிக் கேட்கமாட்டாள்.

அண்ணிக்கு ஏற்கெனவே இரண்டு முறை கரு கலைந்திருந்தது. மூன்று மாதம் முன்பு அவளும் திசு கொடுத்தாள். ‘துணைச் செல்கள் குறைவு’ என்று முடிவு வந்தபோது அவளுக்கு நாள் தள்ளி ஏழு வாரம். தாளை எடுத்துப் படித்தாள்.

4

ஆய்வகத்து வராந்தா. அண்ணி பையை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தாள். கண்ணாடிக்காரி கையுறையைக் கழற்றாமலே ஓடிவந்தாள்.

“கரு தங்கறதுக்குக் கொடுத்த மாத்திரைய நிறுத்திட்டேன். மூணு நாளாச்சு,” என்றாள் அண்ணி.

“ஏன் அண்ணி?”

“தங்காதுன்னு நீங்களே போட்டிருக்கீங்க. அப்புறம் எதுக்கு?”

(அண்ணி இவ்வளவு அமைதியாகப் பேசுவாளா? ஒரு வரைவில் அழ வைத்தேன், இன்னொன்றில் தாளைக் கிழிக்க வைத்தேன். இரண்டிலும் அவள் பொய்யாக இருந்தாள்.)

கண்ணாடிக்காரி தாளை வாங்கி அந்த வரியைப் பார்த்தாள். பிழை என்று சொன்னால், அப்படியானால் தங்குமா என்று அடுத்த கேள்வி வரும். நகக்கண் அளவு திசுத் துணுக்கை வைத்துக்கொண்டு அதை யாராலும் சொல்ல முடியாது. வாயைத் திறந்தாள். அவள்

5

முதல் முடிவு: உண்மையைச் சொல்கிறாள், இருவரும் மருத்துவரிடம் ஓடுகிறார்கள், குழந்தை பிறக்கிறது. எழுதி முடித்ததும் எனக்கே வெட்கமாக இருந்தது.

இரண்டாவது முடிவு: ஓடுகிறார்கள், நேரம் கடந்துவிட்டது. அந்தப் பக்கத்தை எழுதவே கை வரவில்லை.

6

சரி, போதும். கண்ணாடிக்காரி என்று யாரும் இல்லை. பச்சைத் தாளை எழுதியது நான். மருத்துவமனைகளுக்குத் தமிழில் தாள் எழுதிக் கொடுப்பதுதான் என் பிழைப்பு. அச்சுக்குப் போகுமுன் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டியவளும் நான்தான்.

முந்தாநாள் பத்தரை மணிக்கு ஒரு பெண் கூப்பிட்டாள். தாளின் அடியில் என் எண் இருக்கிறது. மாத்திரையை நிறுத்திவிட்டதாகச் சொல்லிவிட்டு, “தங்காதுன்னு போட்டிருக்கே, நிச்சயமாங்களா?” என்றாள். பழியை அச்சகத்தின் மேல் போடலாமா என்று யோசித்தேன். நாலு நொடி இருக்கும். அதற்குள் அவள், “சரிங்க, புரிஞ்சுது,” என்று வைத்துவிட்டாள்.

அதன்பிறகு முப்பது தடவையாவது கூப்பிட்டிருப்பேன். கைபேசியை அணைத்து வைத்திருக்கிறாள். மருத்துவமனையிலும் சொன்னேன், மீதித் தாள்களை எடுத்துவிட்டார்கள். அந்த எண் அவர்கள் பதிவேட்டில் இல்லை, அவள் பெயர் அவர்களுக்கும் தெரியவில்லை.

அதனால் இந்தக் கதைக்கு என்னிடம் முடிவு இல்லை. உங்கள் தங்கையோ, அண்ணியோ, பேருந்தில் பக்கத்தில் உட்கார்ந்தவளோ, யார் கையிலாவது பச்சைத் தாளைப் பார்த்தால் இரண்டாம் பக்கம் நாலாவது வரியில் ஒரு கால் போட்டுக் கொடுங்கள். இன்றைக்கே மருத்துவரைப் பார்க்கச் சொல்லுங்கள். தங்கும் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். அது எனக்குத் தெரியாது.