கெட்டி மேளத்துக்கு அடியில் ஒரு வார்த்தை

என் கணவரின் குரல் இப்போது அவருக்கு நாலைந்து வருடம் பின்னால் வந்துகொண்டிருக்கிறது. காலையில் காபி கேட்டு வாயைத் திறந்தார். "மாஸ்க் எடுத்துக்கிட்டியா?" என்று சத்தம் வந்தது. நான் காபியைக் கொடுத்தேன். குடும்பம் நடத்த வாயசைவே போதும்.

அவர் பெயர் பூவராகன். வீட்டின் முன்னறைதான் ஸ்டுடியோ. பழைய கல்யாணக் கேசட்டுகளை டிவிடியாக மாற்றித் தருவது தொழில். மாற்றும்போது சில கேசட்டில் படம் ஒரு பக்கமும் சத்தம் ஒரு பக்கமுமாகப் போய்விடும். ஐயர் வாயை மூடிய பிறகு மந்திரம் வரும். மாமனார் சிரித்து முடித்து வெற்றிலை போட்ட பிறகு சிரிப்பு வரும். அப்படிப்பட்ட டிவிடியைத் தூக்கிக்கொண்டு சண்டைக்கு வருகிறவர்களிடம் என் கணவர் ஒரே ஒரு கேள்விதான் கேட்பார்.

"தள்ளி நிக்குதா, தள்ளிக்கிட்டே போவுதா?"

தள்ளி நின்றால் சுலபம். சத்தத்தை மொத்தமாகப் பிடித்து முன்னால் இழுத்து வைத்துவிடலாம். தள்ளிக்கொண்டே போனால்தான் தொல்லை. மாப்பிள்ளை அழைப்பில் சரியாக இருக்கும். பந்தி வருவதற்குள், சாப்பிடுகிறவர்கள் வாயிலிருந்து நாதஸ்வரம் வர ஆரம்பித்துவிடும். அதைச் சரிசெய்ய, படமும் சத்தமும் நிச்சயமாக ஒன்றாக இருந்த ஓர் இடம் வேண்டும். கல்யாணக் கேசட்டில் அது கெட்டி மேளம். ஐயர் கையைத் தூக்குவார், தவில்காரர் குச்சியை இறக்குவார். குச்சி தோலில் படுகிற படத்தையும் முதல் அடியின் சத்தத்தையும் ஒட்டிவிட்டால், மற்றதெல்லாம் தானாக வரிசையில் வந்து உட்கார்ந்துகொள்ளும்.

ஊரார் கல்யாணத்தையெல்லாம் ஒட்டிக் கொடுத்துவிட்டுக் கடைசியாக எங்கள் கேசட்டை எடுத்தார். அது தள்ளிக்கொண்டே போகிற கேசட். முன்னறையிலேயே பழியாகக் கிடந்தார். சாப்பாட்டைக்கூட அங்கேதான் கொண்டுபோய் வைத்தேன். ஒரு நாள் வெளியே வந்தார். கேசட் சரியாகியிருந்தது. அவர் தள்ளிப்போயிருந்தார்.

முதலில் ஒரு கண்ணிமைப்பு அளவுதான். பிறகு காலையில் கேட்ட சட்னி சாயங்காலம் வந்தது. பிறகு போன தீபாவளிக்குப் பேசியது, போன தேர்தலுக்குப் பேசியது. அவசரமென்றால் மகளின் பழைய சிலேட்டில் எழுதிக் காட்டுவார். கையெழுத்து மட்டும் அந்தந்த நாளுக்கு வந்துகொண்டிருந்தது.

எனக்கு இதில் வருத்தமில்லை. உள்ளூரக் கொஞ்சம் சந்தோஷம்கூட. அதற்குக் காரணம் உண்டு.

எங்கள் கல்யாணக் கேசட்டில், கெட்டி மேளம் முழங்கும்போது, அவர் தாலியோடு என் கழுத்தில் குனிகிறார். அவர் தாடை அசைகிறது. என் காதில் ஏதோ சொல்கிறார். நான் தலையாட்டுகிறேன். மேலும் கீழும், கேமராவுக்கு நன்றாகத் தெரிகிற மாதிரி. அட்சதை மழையில் அவர் உதடு தெரியவில்லை. தும்மலோ அழுகையோ வேண்டாத பேச்சோ அந்த நேரத்தில் காதில் விழக் கூடாது என்றுதான் கெட்டி மேளம் அடிக்கிறார்கள். எங்கள் தவில்காரர் அந்த வேலையை ஒழுங்காகச் செய்திருந்தார். எனக்கு ஒரு வார்த்தைகூடக் கேட்கவில்லை. புதுப்பெண் எல்லாவற்றுக்கும் தலையாட்டுவாள், நானும் ஆட்டிவைத்தேன்.

எதற்குச் சம்மதித்தேன் என்று தெரியாமலேயே இத்தனை வருடம் ஓட்டியிருக்கிறேன். டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் வேலையை விடச் சொல்லியிருப்பாரோ என்று விட்டேன். பொங்கலுக்கு அம்மா வீட்டுக்குப் போகக் கூடாது என்றிருப்பாரோ என்று போகாமல் இருந்தேன். ஏன் போகவில்லை என்று அவரே கேட்டார். தெரியாதது போல நடிக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். நேரடியாகவும் கேட்டுப் பார்த்தேன். "அதெல்லாம் இப்ப எதுக்கு?" என்று சொல்லிவிட்டு கேமரா ஸ்டாண்டைத் துடைக்கப் போய்விடுவார். அது ஏற்கெனவே துடைத்த ஸ்டாண்டாக இருக்கும்.

மற்றபடி தங்கமான மனுஷன். கொஞ்சம் எட்டியே இருப்பார், அவ்வளவுதான். பூ வாங்கி வந்தால் ஃப்ரிட்ஜ் மேல் வைப்பார், தலையில் வைத்துவிட மாட்டார். நகைக்கடையில் செயினை என் உள்ளங்கையில் கொடுப்பார். கழுத்தில் போட்டுவிடக் கடைக்காரப் பெண்தான் வர வேண்டும். பஸ்ஸில் எங்களுக்கு நடுவில் ஒரு பை உட்கார்ந்து வரும். இப்படியும் சில ஆண்கள் என்று விட்டுவிட்டேன். விட்டுவிட்டேன் என்று சொல்கிறேனே தவிர, அந்தப் பையைக் கண்டால் எனக்கு ஆகாது.

ஆகவே, குரல் இப்படியே பின்னால் போனால் ஒரு நாள் கல்யாணத்தைத் தொட்டே ஆக வேண்டும், அன்றைக்குக் கேட்டுக்கொள்ளலாம் என்று இருந்தேன். அவருக்குத்தான் பொறுக்கவில்லை. கடைக்கு வருகிறவர்களிடம் மாஸ்க் பற்றியே எத்தனை நாள் பேசுவார். சிலேட்டில் 'ஆபீசுக்குப் போவோம்' என்று எழுதினார்.

வாயையும் குரலையும் சேர்த்துவைக்கிற ஒத்திசைவு அலுவலகம் தாலுகா ஆபீசுக்குப் பின்னால் இருந்தது. வராண்டாவின் கோடியில் கதவு தெரிந்தது. நடந்தோம். நடக்க நடக்க வராண்டா நீண்டது. நடுவில் டீக்கடை வந்தது. டீ குடித்துவிட்டு மறுபடி நடந்தோம். கதவு அதே அளவில்தான் தெரிந்தது. பிறகு நாங்கள் களைத்து ஒரு பெஞ்சில் உட்கார்ந்தோம். உட்கார்ந்ததும் கதவு பக்கத்தில் வந்தது.

பெஞ்சில் எங்களுக்கு முன்பே ஒரு தம்பதி உட்கார்ந்திருந்தார்கள். கணவர் வாயைத் திறந்தால் புல்லாங்குழல் கேட்டது. ஏதோ கோபமாகச் சொல்லிக்கொண்டிருந்தார், பெஞ்சைத் தட்டினார். புல்லாங்குழல் இனிமையாக இருந்தது. மனைவி என் பக்கம் திரும்பி, இங்கேதான் போட்டுக் கொடுத்தார்கள், இப்போது வீட்டில் சண்டையே கிடையாது என்றாள். பேட்டரி மாற்ற வந்திருக்கிறார்களாம்.

அலுவலர் பெயர் நப்பின்னை என்று பலகை சொன்னது. அந்த அம்மாவுக்குக் குரல் முன்னால் வந்துவிடும், வாய் அப்புறம் அசையும். உத்தியோகத்தில் மேலே போகிறவர்களுக்கு அப்படித்தான்.

"நிக்குதா, போவுதா?" என்றாள்.

"போவுதுங்க."

"பேசச் சொல்லுங்க."

என் கணவர் தன் பெயரைச் சொல்ல வாயைத் திறந்தார். "செங்கமலம், ஓடியா, பாப்பாவுக்குப் பல்லு மொளைச்சிருக்கு" என்று சத்தம் வந்தது. வராண்டாவில் நடந்ததிலேயே அத்தனை வருடம் போயிருக்கிறது. எனக்கு அந்தப் பல்லைப் பார்க்க ஓட வேண்டும் போல இருந்தது. மகள் இப்போது பெங்களூரில் அதே பல்லால் பீட்சா தின்றுகொண்டிருப்பாள்.

வேகமாகப் போகிறது என்று நப்பின்னை அம்மா சொன்னாள். குரலை எடுத்துவிட்டுப் பின்னணி இசை போட்டுவிடலாம், வீணை இருக்கிறது, புல்லாங்குழல் இருக்கிறது, நிறையப் பேர் புல்லாங்குழல்தான் கேட்கிறார்கள் என்றாள். என் கணவர் சிலேட்டை எடுத்து 'வீணை' என்று எழுதினார். நான் முந்தானையால் அதை அழித்தேன்.

அப்படியே விட்டுவிட்டால் என்ன ஆகும் என்று கேட்டேன்.

"நாளைக்கிக் காலையில ஒங்க கல்யாணத்தத் தாண்டிடும். தாண்டிட்டா அந்தக் கொரலுக்கு ஒங்கள யாருன்னு தெரியாது."

எனக்கு இது தோன்றியதே இல்லை. அவர் குரல் கல்யாண நாளில் வந்து நிற்கும் என்றுதான் நினைத்திருந்தேன். அது ஏன் நிற்க வேண்டும்? வீட்டுக்குள் அவர் நடமாடுவார், அவர் வாயிலிருந்து என்னை அறியாத ஒரு பையன் பேசுவான். வேறு பெண்ணைப் பற்றிக்கூடப் பேசலாம். அப்படி யாராவது இருந்தார்களா என்று அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் மின்விசிறியைப் பார்த்தார். இந்தக் குரல் வேண்டும் எனக்கு. உப்பு இல்லை என்று சொல்கிற இந்தக் குரல்.

"நிறுத்த முடியாதுங்களா?"

"வாயும் கொரலும் ஒரே வார்த்தைய ஒரே நேரத்துல சொல்லணும். அந்த எடத்துல தானா ஒட்டிக்கும். ஆனா இப்ப இருக்கற வாய்க்கு அப்ப சொன்னது ஞாபகம் இருக்கணுமே."

அந்த அம்மாவின் வாய் அதற்குப் பிறகு அசைந்தது. நாங்கள் எழுந்துகொண்டோம். திரும்பும்போது வராண்டா பத்தடிகூட இல்லை. பஸ்ஸில் எங்களுக்கு நடுவில் பை உட்கார்ந்து வந்தது.

வீட்டுக்கு வந்து, அன்றைக்கு என்ன சொன்னீர்கள் என்று சிலேட்டைக் கொடுத்தேன். சுண்ணாம்புக் குச்சியை வைத்துக்கொண்டே இருந்தார். கடைசியில் 'அதெல்லாம் இப்ப எதுக்கு' என்று எழுதினார்.

எனக்கு வந்த கோபத்தில் ஒரு யோசனையும் வந்தது. இவர் தினமும் கதவைப் பூட்டிவிட்டுப் "பூட்டியாச்சா?" என்று என்னைக் கேட்கிறவர். அதே வேலையைச் செய்தால் அதே வார்த்தைதான் வரும், மறுபடி தாலி கட்டினாலும். அந்த விஷயத்தில் இவரை நம்பலாம்.

காலையில் அவர் வாயிலிருந்து பந்திச் சத்தம் வந்தது. கேமரா மைக்கில் எல்லாம் ஒன்றாகத்தானே பதிவாகும், குரல் போகிற இடத்துக்குச் சுற்றுச் சத்தமும் கூடவே போகும். இலை போடுகிற சத்தம். ரசம் இந்த வரிசைக்கு வரவில்லை என்று என் பெரியப்பா. வாசலில் மறித்து நிற்கிற ஸ்கூட்டர் யாருடையது என்று யாரோ. பின்னால் போகிற குரல் பந்திக்கு வந்துவிட்டதென்றால், அதற்கு முந்திய தாலி பக்கத்தில் இருக்கிறது. எதிர் வீட்டு சுலோசனாவுக்கும் அது கேட்டிருக்கிறது. பட்டுப்புடவை கட்டி, கைநிறைய அட்சதையோடு அவள் ஜன்னலில் வந்து நின்றாள். அவள் எந்தக் கல்யாணத்தையும் விடுகிறவள் இல்லை.

புது மஞ்சள் கயிற்றில் ஒரு மஞ்சள் கிழங்கைக் கட்டினேன். பீரோ கண்ணாடிக்கு முன்னால் பலகை போட்டு உட்கார்ந்தேன். அப்படி உட்கார்ந்தால், குனிகிறவரின் உதடு கண்ணாடியில் தெரியும். கயிற்றை அவரிடம் நீட்டினேன்.

அவர் பின்வாங்கினார். என் உள்ளங்கையில் திருப்பி வைக்கப் பார்த்தார்.

"நீங்களே கட்டுங்க" என்றேன்.

அவர் மெதுவாகக் குனிந்தார். கயிற்றின் இரண்டு நுனியையும் என் பிடரிக்குப் பின்னால் கொண்டுபோனார். அப்போது அவர் வாயிலிருந்து கெட்டி மேளம் வெடித்தது. பீரோ கதவு அதிர்ந்தது. சுலோசனா ஜன்னல் வழியாக அட்சதையை வீசினாள். கண்ணாடி முழுக்க அரிசி. இந்தத் தடவையும் அவர் உதடு எனக்குத் தெரியவில்லை.

ஆனால் அவர் வாய் என் கழுத்துக்குப் பக்கத்தில் இருந்தது. மேளத்துக்கு அடியில் ஒரு சின்ன வார்த்தை இருந்தது. காதில் விழவில்லை, கழுத்தில் பட்டது. இருபத்தைந்து வயதுக் குரலும் நரைத்த மீசையும் சேர்ந்து கேட்டன.

"வலிக்குதா?"

இதற்குத்தான் தலையாட்டியிருக்கிறேன். மேலும் கீழும், கேமராவுக்குத் தெரிகிற மாதிரி.

ஃப்ரிட்ஜ் மேல் இருந்த பூவெல்லாம் எனக்கு ஞாபகம் வந்தது. பஸ்ஸில் உட்கார்ந்து வந்த பையும் ஞாபகம் வந்தது. அழுகை வந்தது. மேளம் முழங்கிக்கொண்டிருந்ததால் அழுவதற்குத் தடையில்லை.

பதில் சொல்ல வாயெடுத்தேன். என் குரல் எப்போது போய்ச் சேருமோ என்று பயமாக இருந்தது. தலையாட்டலுக்குச் சத்தம் கிடையாது, அது பிந்தாது. இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக ஆட்டினேன். இல்லை என்று. அவருக்குப் புரிகிறவரை ஆட்டினேன்.

மேளம் நின்றது. அவர் கை என் பிடரியில் அப்படியே இருந்தது. கண்ணாடியில் ஒட்டியிருந்த அரிசி ஒவ்வொன்றாக விழுந்தது. அவர் வாயைத் திறந்தார். வாயும் குரலும் ஒன்றாக வந்தன.

"அன்னிக்கி ஆமான்னு தலையாட்டுனியே."

"மேளச் சத்தம்" என்றேன்.

பிறகு அவருடைய அக்கா போட வேண்டிய இரண்டு முடிச்சையும் சேர்த்து மூன்றையும் தானே போட்டார். கடைசி முடிச்சை நன்றாக இழுத்தார். கழுத்து முடி இரண்டு மூன்று உள்ளே மாட்டிக்கொண்டது.

கொஞ்சம் வலித்தது. நான் சொல்லவில்லை.