தண்ணீர் விடாத கஞ்சி

பக்கவாதம் வந்த நாளிலிருந்து என் வீட்டுக்காரர் ஹெர்பர்ட்டுக்குத் தண்ணீர்தான் எமன். கெட்டியாக இருந்தால் விழுங்குவார். ஒரு வாய் தண்ணீர் தனியாக இறங்கினால் புரையேறி முகம் நீலம் பாரித்துவிடும்.

காலையில் மரவள்ளி மாவில் கோழிச்சாறு விட்டுக் கிண்டி பிரிட்ஜில் வைப்பேன். மத்தியானத்துக்குள் அந்தப் பாழாய்ப்போன கஞ்சி சுருங்கி, சுற்றிலும் தண்ணீர் விட்டு நிற்கும். அதனால் சாப்பாட்டு நேரத்தில் கையுறை ஃபேக்டரியிலிருந்து லூனாஸில் இருக்கும் வீட்டுக்கு மோட்டார் சைக்கிளில் ஓடிவந்து புதிதாகக் கிண்டிக் கொடுப்பேன். என் வயிறு காய்ந்தே கிடக்கும். போன வாரம் சூப்பர்வைசர் சொல்லிவிட்டான்: "எவலின்க்கா, இன்னொரு தடவ லேட்டா வந்தா வேல இல்லலா."

என்னோடு வேலை செய்யும் ஷீலா கேக் செய்து விற்பவள். "குவார் கம் தூள் வாங்குங்கக்கா. கொத்தவரை வெதையில எடுக்கிறது. கொஞ்சூண்டு போட்டா மாவு தண்ணி விடாது" என்றாள்.

வாங்கி வந்து கொதிக்கும் கஞ்சியில் கொட்டினேன். கட்டி கட்டியாக மிதந்தது. அடுத்த நாள் அளவு கூடி, சுவரில் போஸ்டர் ஒட்டலாம் போல ஆனது. பிறகு மாவோடு உலர்வாகக் கலந்து, ஒரே சிட்டிகை போட்டு, இரவு முழுக்க பிரிட்ஜில் வைத்தேன். காலையில் கிண்ணத்தைச் சாய்த்துப் பார்த்தேன். சொட்டுத் தண்ணீர் இல்லை. நின்ற இடத்திலேயே அழுதுவிட்டேன்.

"மத்தியானம் நீங்களே எடுத்துச் சாப்பிடுங்க" என்றேன். கோல் ஊன்றி பிரிட்ஜ் வரை நடப்பார், இடது கையால் கரண்டி பிடிப்பார். தலையாட்டினார். அன்று கேண்டீனில் உட்கார்ந்து சூடாகச் சோறு தின்று, மேசையிலேயே தூங்கினேன்.

சாயங்காலம் வந்தால் கிண்ணம் அவர் முன்னால் அப்படியே இருந்தது. கரண்டியும் அசையவில்லை.

"ஏன் சாப்பிடல? என்னை வேலைய விடச் சொல்றீங்களா?" என்று கத்தினேன்.

அவர் வாய் கோணிக்கொண்டு வந்தது. "செபம்... சொல்ல... நீ இல்ல."

எங்கள் வீட்டில் வாய்விட்டுச் செபம் சொல்லாமல் யாரும் ஒரு வாய் வைப்பதில்லை. நாக்கு குழறிப் போனதிலிருந்து அவருக்கும் சேர்த்து நான்தான் சொல்கிறேன். அவர் 'ஆமென்' மட்டும் சொல்வார். நான் இல்லாமல் யார் செபம் சொல்வது என்பது காலையில் என் புத்திக்கு எட்டவே இல்லை.

போனில் பதிவு செய்து வைக்கலாமே என்று வாய் வரை வந்தது. நாள் முழுக்கப் பசியோடு எனக்காகக் காத்திருந்தவரிடம் அதைச் சொல்ல மனசு வரவில்லை.

செபம் சொன்னேன். "ஆமென்" என்று வாயைத் திறந்தார். நாளை மத்தியானமும் செபம் சொல்ல நான் ஓடி வரத்தான் வேண்டும். சூப்பர்வைசரிடம் என்ன சொல்வதென்று தெரியவில்லை.