தட்டில் வந்த கைக்குட்டை

அந்த இரும்பு வாசல் வந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. கதவைக் கழற்றிய நிலை மாதிரி விமான நிலையக் கூடத்தின் நடுவே நின்றது. எங்கெங்கோ விமானங்களைக் கடத்திக்கொண்டு போகிறார்கள் என்று பேப்பரில் வந்ததும் மேலிடத்துக்கு ஞானோதயம் பிறந்து அனுப்பிவைத்த மிஷின். உடம்பில் இரும்போடு நுழைந்தால் வீல் என்று கத்தும். அதனால் சாவி, சில்லறை, கடிகாரம் எல்லாவற்றையும் பயணிகள் ஒரு தட்டில் வைத்துக் கொடுப்பார்கள். அங்கே வேலைக்கு நின்ற அவள் தட்டை வாசலுக்குள் நுழைக்காமல் பக்கவாட்டில் கொண்டுபோய், அந்தப் பக்கம் வந்துவிட்டவரிடம் சிரித்த முகத்தோடு நீட்டுவாள். தட்டைக் கிளறக் கூடாது, வருகிறவர்கள் நம் விருந்தாளிகள் என்பது மேனேஜரின் கண்டிப்பான உத்தரவு.

இந்த வேலையைச் சொல்லி வாங்கிக் கொடுத்தவன் தம்பி. விமானத்தில் பயணிகளைக் கவனித்துக்கொள்ளும் ஸ்டீவர்ட். அம்மா போன பிறகு அவனை வளர்த்து ஆளாக்கியவள் அவள்தான். இன்றைய பகல் விமானத்தில் அவனுக்கு வேலை. காலையில் சட்டையில் பட்டன் அறுந்துபோய், அவன் போட்டிருக்கும்போதே தைத்துவிட்டாள். "ஊசி குத்திடாதக்கா, ஏர்போர்ட் சேப்டியே நீதான்" என்று வம்பிழுத்தான்.

பகல் விமானத்துக்கு ஆட்களை ஏற்றிக் கதவும் சாத்தியாயிற்று. கூட வேலை பார்க்கும் வாயாடி டீயை நீட்டினாள்.

"இந்த மிஷினுக்கு இவ்வளவு காசு கொட்டினாங்களே, தட்டுல பீரங்கியே வச்சுக் குடுத்தாலும் கத்தாதுல்ல?"

அவள் சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றது. பகல் விமானத்துக்கு வந்த சாம்பல் கோட்டுக்காரர் ஒருவர் தட்டில் வைத்த கைக்குட்டைப் பொட்டலம் நினைவுக்கு வந்தது. "அப்பாவோட பழைய கடிகாரம்மா, பாத்து" என்றார். பத்திரமாகக் கொண்டுபோய்க் கொடுத்தாள். எந்தக் கடிகாரம் மணிக்கட்டை அப்படிக் கீழே இழுக்கும்?

டீயைக் கொட்டிவிட்டு மேனேஜர் அறைக்கு ஓடினாள். சொல்லச் சொல்ல அவர் முகம் வெளிறிப்போயிற்று. இருவரும் மாடியில் இருந்த கட்டுப்பாட்டு அறைக்கு ஓடினார்கள். கண்ணாடிக்கு வெளியே விமானம் இன்னும் நின்றுகொண்டிருந்தது. அப்பாடா என்றிருந்தது அவளுக்கு.

மேனேஜர் மைக்கில் கிசுகிசுத்தார். ஸ்பீக்கரில் பைலட்டின் குரல் வந்தது.

"சந்தேகம்தானே? நம்ம ஸ்டீவர்ட் பையனை அனுப்பி நைசா பாக்கச் சொல்றேன்."

"ஐயோ, அவனை அனுப்பாதீங்க! சார், வேண்டாம்னு சொல்லுங்க!"

"வேற யாரைம்மா அனுப்புறது?" என்றார் மேனேஜர். அவர் மறுபடி மைக்கை அழுத்தியபோது அந்தப் பக்கம் பதிலே இல்லை.

அவள் வாய்க்குள் வேண்டாத தெய்வமில்லை. கடிகாரமாகவே இருந்து, தன்னைப் பைத்தியக்காரி என்று விரட்டிவிட்டால்கூடப் போதும். வாய் திறக்காமல் இருந்திருக்கலாமோ என்று ஒரு நிமிஷம் தோன்றியது. அப்படித் தோன்றியதே பயமாக இருந்தது.

ஸ்பீக்கர் கரகரத்தது. பேசியது பைலட் இல்லை.

"யாரும் கிட்ட வராதீங்க." தம்பியின் குரல். சின்ன வயதில் காய்ச்சலில் பேசுவானே, அதே குரல். "என் கழுத்துல துப்பாக்கி இருக்கு. வழிய விடச் சொல்றாரு."

மேனேஜர் தொண்டையைச் செருமினார். "துப்பாக்கி எப்படிப்பா உள்ள வந்துச்சு?"

"தெரியல சார். பின்பக்கமா ஏத்தியிருப்பாங்க. வாசல்ல நின்னவங்க மேல தப்பு இல்ல சார். அவங்களை ஒண்ணும் கேக்காதீங்க."

அவனுக்குத் தெரிந்திருக்கிறது. அந்த ஆள் சொல்லியிருப்பான். அவள் பாய்ந்து மைக்கைப் பிடித்து, "தம்பி!" என்றாள். லைன் ஏற்கெனவே போய்விட்டிருந்தது.

கண்ணாடிக்கு வெளியே விமானம் மெதுவாக நகரத் தொடங்கியது.