தாலிக்கு முன் வாங்கிய வீடு

தம்போயில் இருக்கும் வீட்டில் ஹேமநாதனுக்கு ஒரு செங்கல்கூடச் சொந்தமில்லை என்று கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்ய ரூபினி தயாராக இருந்தாள். விவாகரத்து மனுவில் அவன் அந்த வீட்டில் பாதி கேட்டிருந்தான். கேட்கட்டும். தாலி ஏறுவதற்கு ஒன்பது மாதங்களுக்கு முன்பே அவள் பெயரில் வாங்கிய வீடு. தினமும் எல்லை தாண்டிப் போய்ச் சிங்கப்பூர்த் தொழிற்சாலையில் நின்று நின்று கால் வீங்கிய சம்பளம் அத்தனையும் அதன் தவணைக்குத்தான் போனது. பக்கவாதம் வந்து முன்னறையில் படுத்திருக்கும் அப்பா செல்லப்பனுக்கு, லாபிஸில் தோட்ட நிர்வாகம் கொடுத்திருந்த வீட்டைக் காலி செய்த பிறகு, வேறு கூரை கிடையாது.

வக்கீல் சந்திரமதியின் மேசையில் அவள் முதலில் வைத்தது கல்யாணப் பத்திரிகையை. ஓரத்து மஞ்சள் இன்னும் மங்கவில்லை. பக்கத்தில் வீட்டு ஒப்பந்தம். இரண்டு தேதிகளையும் விரலால் தொட்டுக் காட்டினாள்.

சந்திரமதி பத்திரிகையைத் திறக்கவே இல்லை. திருமணப் பதிவுச் சான்றிதழைக் கேட்டார். அதை எடுத்துக் கொடுத்தபோதும் ரூபினிக்கு ஒன்றும் உறைக்கவில்லை.

"வீடு வாங்கறதுக்கு முன்னாடியே ரெஜிஸ்டர் பண்ணிட்டீங்களாம்மா?"

ஆமாம் என்றாள். எல்லாரும் செய்வதுதானே. பதிவிலாகாவில் கையெழுத்துப் போட்ட மறுமாதமே ஹேமநாதனின் அப்பா தவறிவிட்டார். துக்க வீட்டில் ஓராண்டுக்கு மேளம் கொட்டக் கூடாது என்று தாலியைத் தள்ளிப்போட்டதில் ஒன்றரை வருஷம் ஓடிவிட்டது. அந்த இடைவெளியில்தான் வீடு வந்தது. அப்போதெல்லாம் அவன் வந்தால் வாசல் நாற்காலியில் ஒரு தேத்தண்ணி, அவ்வளவுதான். விளக்கு வைக்கும் நேரமானால் அப்பாவே அவனுடைய செருப்பைத் தெருப் பக்கம் திருப்பி வைப்பார்.

"கோர்ட்டுக்குத் தாலி கணக்கில்லம்மா. கையெழுத்துப் போட்ட அன்னைக்கே நீங்க அவரு பெண்டாட்டி. இது கல்யாணத்துக்கு அப்புறம் வாங்கின வீடு."

தவணை கட்டியது யார் என்று காட்டினால் அவன் பங்கு குறையலாம் என்றார். ஒன்றுமே இல்லையென்று ஆக்குவது கடினம். அவன் பங்கைக் கொடுக்க முடியாவிட்டால் கோர்ட் வீட்டை விற்கச் சொல்லலாம் என்றும் சொன்னார்.

"அப்போ அந்த ஒன்றரை வருஷம் நான் யார் வீட்டுப் பொண்ணு, மேடம்?"

சந்திரமதி சான்றிதழை மெதுவாக உறைக்குள் வைத்தார்.

பேருந்தில் வரும் வழியெல்லாம் ஜன்னலுக்கு வெளியே வீடுகள் ஓடின. ஒவ்வொரு கேட்டிலும் அப்பாவின் சக்கர நாற்காலியை நுழைத்துப் பார்த்தாள். எதிலும் நுழையவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அப்பா என்ன ஆயிற்று என்று கேட்டார். மறைக்கத் தெம்பில்லாமல் எல்லாவற்றையும் சொன்னாள். கோணிய வாயால் வார்த்தைகளை இழுத்து இழுத்துச் சொன்னார்.

"ஒரு ராத்திரி தங்க விட்டிருப்பேனா அவன? என்னைக் கூட்டிட்டுப் போ ரூபி. ஜட்ஜுகிட்ட நான் சொல்றேன்."

அது எடுபடாது என்று சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் அவர் நல்ல கையால் அலமாரியைக் காட்டினார். அவள் கல்யாணத்தன்று தான் போட்டிருந்த வெள்ளைச் சட்டை வேண்டுமாம். நீதிமன்றத் தேதிக்கு இன்னும் ஐந்து வாரம் இருந்தது. ரூபினி சட்டையை எடுத்து வந்து, வராத கையை முதலில் நுழைத்து, ஒவ்வொரு பொத்தானாகப் போட்டுவிட்டாள்.

"போலாமா?" என்றார் அப்பா.